மழைக் கணக்கில் சில வட்டங்கள்

மழையை அளப்பதுதான் என் உத்தியோகம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். பிறகு சிரிப்பார்கள். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையோரம், கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி மண்ணில் பாதி புதைந்து நின்றது. மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில். தினமும் காலை எட்டு மணிக்கு வேலியைத் திறந்து, பாட்டிலில் விழுந்திருக்கிற தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, எத்தனை அங்குலம், எத்தனை சென்ட் என்று நோட்டில் எழுத வேண்டும். நூறு சென்ட் ஓர் அங்குலம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு அது கௌரவமான வேலைதான். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது ராஜ உத்தியோகம்.

எனக்குக் கூச்சம் அதிகம். கடையில் புளி கேட்கப் போனால்கூட வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போவேன். முன்னால் ஆள் நின்றால் புளி வாங்காமலே திரும்பிவிடுவேன். அருவிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தும், சீசனில் ஒரு நாள்கூடக் கூட்டத்தோடு நின்று குளித்ததில்லை. இடுப்பில் ஒரு துண்டோடு நாலு பேர் பார்க்க நிற்க வேண்டுமே. எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்து ஜனங்கள் குளித்துவிட்டுப் போவார்கள். நான் வீட்டுக் கொல்லையில் குடத்தில் மொண்டு ஊற்றிக்கொள்வேன்.

இதை ஊரறியச் சொல்லிச் சிரிப்பதற்கென்றே எனக்கு ஓர் அடுத்த வீட்டுக்காரர் வாய்த்திருந்தார். அவர் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஐம்பது வயதிருக்கும். கை ஒவ்வொன்றும் முறம்போல இருக்கும். சீசன் மூன்று மாதமும் பாறைமேல் ஆட்களை உட்கார வைத்து, எண்ணெயை ஊற்றி, முதுகில் தாளம் போட்டுத் தேய்த்து அனுப்புவார். மீதி ஒன்பது மாதமும் அந்த மூன்று மாதத்தை வைத்துத்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. கரையில் அவர் மாதிரி முப்பது நாற்பது பேர் உண்டு. எல்லோருக்கும் அவர்தான் அண்ணாச்சி. எனக்கும் அப்படியே.

"தம்பி, ஒரு நா என் கல்லுல வந்து உக்காரு. ஒன் கூச்சத்தையும் சேத்துத் தேச்சு எடுத்துருதேன்" என்பார். நான் மழைமானிக்குள் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன்.

இரண்டாம் யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்தி, ஒரு சீசன் தொடக்கத்தில், சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் புதிதாக வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். குடையில்லாமல் தெருவில் இறங்க மாட்டார். குடையோடு இறங்கினாலும் எங்கள் ஊர்ச் சாரல் பக்கவாட்டில் வந்து அவரை நனைத்துவிடும். அதனால் அவருக்கு ஊர்மேல் ஆரம்பத்திலேயே ஒரு மனத்தாங்கல்.

அருவிக்குக் கீழே, குளிக்கிற இடம் தாண்டி, ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் பிரிகிறது. அது வண்டிப்பேட்டையை ஒட்டி வந்து எங்கள் தெருவுக்குள் நுழையும். குடிக்க, சமைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். அதைக் குடித்தவர்களுக்கு வயிற்றுக் கோளாறு வருகிறது என்று யாரோ மேலே எழுதிப் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து வாய்க்காலைப் பார்த்தார். தண்ணீர்மேல் மயில் கழுத்து நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. அதோடு அவர் தீர்மானத்துக்கு வந்துவிட்டார். எண்ணெய் தேய்ப்பவர்கள்தான் தண்ணீரைக் கெடுக்கிறார்கள். மூன்று தடவை வாய்க்கால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சென்னைக்குப் பரிசோதனைக்கு அனுப்புவது; அங்கேயும் அப்படியே சொன்னால் எண்ணெய்க்காரர்களை அருவியிலிருந்து அரை மைலுக்கு அப்பால் ஒதுக்கிவிடும்படி எழுதுவது.

அரை மைல் என்றால் என்ன அர்த்தம் என்பது எங்களுக்குத் தெரியும். எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு சாரலில் அரை மைல் எவன் நடப்பான்? அருவிக்கு வந்து சேருமுன் சாரலே பாதி எண்ணெயைக் கழுவிவிடும். ஆள் வராது. அண்ணாச்சி கடையைக் கட்ட வேண்டியதுதான்.

தண்ணீர் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. மழைக்கு நோட்டு வைத்திருக்கிறவன் தண்ணீருக்கும் வைத்தால் என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணாடி மூடி போட்ட பாட்டில்கள், மரத்தூள் நிரப்பிய பெட்டி, அரக்கு, ஒரு நமூனாத்தாள், எல்லாம் கொடுத்தார். தாளில் எடுத்த தேதி, நேரம், அதற்கு முந்தின நாள் மழை எல்லாம் குறிக்க வேண்டும். அடியில் ஒரு குறிப்பு இருந்தது. கனமழை இல்லாத நாளாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்று. ஆனி மாதக் குற்றாலத்தில் அப்படி ஒரு நாளை எங்கே போய்ப் பிடிப்பது என்று அதில் போட்டிருக்கவில்லை.

முதல் பாட்டில் ஒரு சனிக்கிழமை. இன்ஸ்பெக்டர் குறித்த நாள். சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் தேய்க்கிற நாள் என்பதால் கரை முழுக்கப் பளபளவென்று முதுகுகள். முந்தின நாள் வெறும் ஆறு சென்ட் மழை. தண்ணீர் மெதுவாகத்தான் ஓடியது. நான் வாய்க்காலில் பாட்டிலை முக்கியபோது, துணி துவைத்துக்கொண்டிருந்த மதுரைக்காரர் ஒருவர் அது என்ன மருந்து என்று விசாரித்தார். நான் பதில் சொல்லாமல் விழித்ததில், அது ரகசியமான மூலிகைத் தண்ணீர் என்று முடிவு கட்டிவிட்டார். திரும்பிப் பார்த்தால் அவரும் அவர் குடும்பமும் ஆளுக்கொரு பாத்திரத்தில் அந்த இடத்திலேயே மொண்டுகொண்டிருந்தார்கள். பத்து நாள் கழித்துச் சென்னையிலிருந்து பதில் வந்தது. எண்ணெய் இருக்கிறது.

அண்ணாச்சிக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. தினமும் எட்டு மணிக்கு மழைமானி வேலியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எழுத்து வாசனையே இல்லாதவர், ஒரு வாரத்தில் அங்குலக் கணக்கு கற்றுக்கொண்டார். மழை குறைந்தால் எண்ணெய் மிதக்கும், மழை கொட்டினால் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது அவருக்கு என்னைவிட முன்பே பிடிபட்டுவிட்டது. அரை அங்குலத்துக்கு மேல் என்றால் முகம் மலர்வார். பத்து சென்ட் என்றால் நான்தான் மழையைக் குறைத்து எழுதுவதுபோல என்னைப் பார்ப்பார்.

"புனல் வாயி கொஞ்சம் சின்னதா இருக்கோ, தம்பி?" என்று ஒருநாள் கேட்டார்.

அவர் படுகிற பாட்டைப் பார்த்து நானும் ஒரு வேலை செய்தேன். தினமும் ஒரு பீங்கான் தட்டில் வாய்க்கால் தண்ணீரை ஊற்றிப் பார்த்து, மழைக் கணக்குக்குப் பக்கத்தில், 'தெளிவு', 'எண்ணெய்', 'கலங்கல்', 'செம்மண்' என்று எழுதி வைத்தேன். ஆபீசுக்குப் போகிற நோட்டில் அல்ல. என் சொந்த நோட்டில். அதே நோட்டில் இன்னொன்றும் குறித்தேன். அதை வெளியே யாரும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் குறித்தது. சில தேதிகளுக்கு மேல் ஒரு சின்ன வட்டம்.

இரண்டாவது பாட்டிலும் ஒரு சனிக்கிழமைதான். ஆனால் முந்தின நாள் மூன்றங்குலம் கொட்டித் தீர்த்தது. அதற்கு முன் பத்து நாளாக நல்ல வெயில். அருவி செக்கச்செவேலென்று விழுந்தது. பக்கத்தில் போகக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். வாய்க்கால் தண்ணீர் கருப்பட்டிக் காப்பி மாதிரி ஓடியது. அண்ணாச்சி எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். சென்னையிலிருந்து வந்த பதிலில் எண்ணெய் இல்லை என்றிருந்தது. ஆனால் வேறு அசுத்தம் ஏகமாக இருப்பதாகவும், குடிக்கவே லாயக்கில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அண்ணாச்சிக்கு முதல் வாக்கியமே போதுமாக இருந்தது. இன்ஸ்பெக்டரோ அந்த இரண்டு வாக்கியத்தையும் ஒத்துக்கொள்ளவில்லை. பெருமழையில் பிடித்த தண்ணீர் கணக்கில் சேராது, மூன்றாவதுதான் தீர்ப்பு என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் அவர் தென்காசியில் காய்ச்சலில் படுத்திருந்தபடியால், ஆடி முடிவதற்குள் மழை குறைவான ஒரு நாளில் நானே நாள் பார்த்துப் பிடித்து அனுப்பும்படி சீட்டு அனுப்பினார்.

நாள் என் கையில் என்று தெரிந்ததும் அண்ணாச்சி என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"ஆடி அமாவாசை எப்பம் வருது?"

"வார வியாழன், அண்ணாச்சி."

"அன்னைக்குப் புடி. அமாவாசையன்னைக்கு எவன் தலையில எண்ணெ வைப்பான்? நம்மாளு ஒருத்தனும் கல்லுப் பக்கமே போவ மாட்டான். மழை பெஞ்சா என்ன, பெய்யாட்டா என்ன. எண்ணெயே கெடையாது."

எவ்வளவு சுலபமான வழி. மழையை நம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர், மழையே தேவையில்லாத நாளைக் கண்டுபிடித்துவிட்டார். இதில் பொய்யும் இல்லை. அமாவாசை அன்று தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று எந்தத் தாளிலும் இல்லை.

அமாவாசை அன்று விடியலில் அருவிக்கரைக்குப் போனேன். கால் வைக்க இடமில்லை. மழைமானியில் நாலே சென்ட் சேர்ந்திருந்தது. தண்ணீர் தெளிவாக, அவசரமில்லாமல் நகர்ந்தது. ஒரு முதுகிலும் எண்ணெய் இல்லை. பாறைகள் காய்ந்து கிடந்தன. ஒன்பது மணிக்கு வாய்க்காலுக்குப் போய், கூட்டத்தில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பாட்டிலை முக்கி, மூடி, துணி சுற்றி, அரக்கு வைத்துத் தென்காசி ஸ்டேஷனில் கொண்டுபோய்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டேன். அண்ணாச்சி அன்று முழுக்கப் பட்டினி விரதம். எதற்காக என்று தெய்வத்துக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

பத்தாம் நாள் இன்ஸ்பெக்டர் பதிலோடு நேரிலேயே வந்தார். காய்ச்சலில் இளைத்திருந்தார். மழைமானி வேலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னை வரச் சொன்னார். அண்ணாச்சியும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அப்புறம், தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போனால் பாதித் தேய்ப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களும் வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் தாளைப் படித்தார். எண்ணெய் என்று தனியாக இல்லை. அண்ணாச்சி கும்பிட்டார். ஆனால் பாட்டிலின் அடியில் எள் கிடந்ததாம். கறுப்பு எள். எண்ணிப் பார்த்ததில் பதினொன்று. ஊறிப் பருத்துப் போயிருந்ததாம். ஒரு பூ இதழும், ஒரு தர்ப்பைத் துண்டும்.

"என்னப்பா இது," என்றார் இன்ஸ்பெக்டர். "எண்ணெயாக விட்டால் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று இப்போது ஆட்டாமல் எள்ளாகவே விட ஆரம்பித்துவிட்டார்களா?"

அமாவாசை அன்று யாரும் எண்ணெய் வைக்க மாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. அன்று ஆயிரம் பேர் ஆற்றில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள் என்பது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. இதில் என் நிலைமைதான் மோசம். அன்று விடியலில் நானே அங்கே போய், செத்துப்போன என் தகப்பனாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கீழே வந்துதான் பாட்டிலை முக்கினேன். அந்தப் பதினொன்றில் சில என் கையிலிருந்து விழுந்தவையாகவே இருக்கலாம். அப்பாவுக்குப் போக வேண்டியது சென்னைக்குப் போய்விட்டது.

நல்ல மழை பெய்திருந்தாலாவது எள் அடித்துக்கொண்டு போயிருக்கும். நாலு சென்ட்டில் எங்கே போகும்?

நாங்கள் தன்னை ஏமாற்றப் பார்த்ததாக இன்ஸ்பெக்டர் நினைத்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. முதல் பாட்டிலை வைத்தே எழுதிவிடுகிறேன், அரை மைல் தள்ளிப் போகத் தயாராக இருங்கள் என்று சொல்லிக் குடையை விரித்தார். அண்ணாச்சி கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முறம் போன்ற அந்தக் கைகள் அன்றைக்கு எதையும் பிடிக்கத் தெரியாதவை மாதிரி தொங்கின.

பேச வேண்டும் என்று நினைத்தேன். நாக்கு எழும்பவில்லை. அதனால் வீட்டுக்கு ஓடிப்போய் என் சொந்த நோட்டை எடுத்து வந்து, பிரித்து, இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் அதில் வட்டங்கள் இருக்கின்றன என்ற ஞாபகம் வந்தது. பிடுங்கிவிடலாமா என்று பார்த்தேன். அவர் ஏற்கெனவே படிக்க ஆரம்பித்திருந்தார்.

மழை, தட்டு, மழை, தட்டு என்று விரலை ஓட்டினார். எண்ணெய் என்று எழுதிய நாளெல்லாம் மழை குறைவு. செம்மண் என்று எழுதிய நாளெல்லாம் மழை அதிகம். அதெல்லாம் சரிதான் என்று தலையை ஆட்டினார். பிறகு விரல் நின்றது.

"இந்த வட்டம் என்ன?"

என்னைச் சுற்றி நாற்பது எண்ணெய்க்காரர்களும், பாதி தேய்த்த பதினைந்து பேரும் நின்றார்கள். வேறு ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அமாவாசை என்று சொல்லலாம். ஆனால் அண்ணாச்சி இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வயித்தால போன நாள், ஐயா" என்றேன்.

அருவிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம், சத்தமாகச் சொல்ல வேண்டி வந்தது. பின்வரிசைக்கும் கேட்டது.

சிரிப்பு எழுந்து அடங்கச் சற்று நேரமாயிற்று. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினார், மறுபடி முன்னால் திருப்பினார். அந்த சீசனில் ஐந்து வட்டங்கள். ஐந்தும், சில நாள் வெயிலுக்குப் பிறகு பெருமழை பெய்ததற்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ விழுந்திருந்தன. எண்ணெய் என்று எழுதிய நாளையொட்டி ஒன்றுகூட இல்லை. அதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணாச்சி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து தெரியாது; வட்டம் தெரியுமே.

"எண்ணெ மிதந்த நாள்ல தம்பி வயிறு கல்லு மாதிரி இருந்திருக்கு, ஐயா. மழைத் தண்ணிதான் அவனைப் படுத்திருக்கு. அந்த மழைத் தண்ணி எங்கன இருந்து வருதுன்னு பாருங்க."

இன்ஸ்பெக்டர் இரண்டாவது பாட்டிலின் பதிலைப் பையிலிருந்து எடுத்து மறுபடி படித்தார். கணக்கில் சேராது என்று அவரே தள்ளிய தாள். பிறகு, குடையை மடக்கிவிட்டு, வாய்க்கால் ஓரமாகவே மேலே நடந்தார். நாங்கள் ஐம்பது பேரும் பின்னால். வண்டிப்பேட்டையில் நின்றார். சீசனுக்கு ஆட்களைக் கொண்டுவந்த மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. பத்து நாள் சாணமும் மூத்திரமும் சரிவில் காய்ந்து மேடு தட்டியிருந்தது. மேடு முடிகிற இடத்தில் வாய்க்கால். சாரலுக்கு அது அசையாது. பெருமழை ஒன்று அடித்தால் மொத்தமும் எங்கள் தெருவுக்குத்தான்.

அங்கே நின்றுகொண்டிருக்கையிலேயே சாரல் வலுத்து மழையாயிற்று. சரிவிலிருந்து பழுப்பாக ஒரு கோடு இறங்கி வாய்க்காலைத் தொட்டது. இன்ஸ்பெக்டர் நனைந்துகொண்டே அதைப் பார்த்தார்.

வண்டிப்பேட்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிற்று. தண்ணீரில் எண்ணெய் மிதப்பதும் தனக்குச் சம்மதமில்லை என்று இன்ஸ்பெக்டர் பிடிவாதமாக இருந்ததால், தேய்க்கிற கற்கள் வாய்க்கால் பிரிகிற இடத்துக்குக் கீழே நகர்ந்தன; எண்ணெயை அங்கேயே ஆற்றில் கழுவிவிட்டுத்தான் அருவிக்கு ஏற வேண்டும். அரை மைலுக்குப் பதில் நாற்பது தப்படி தூரம். அந்த நாற்பது தப்படிக்கே அண்ணாச்சி ஒரு வாரம் புலம்பினார்.

எனக்கு என்ன ஆயிற்று என்றால், அந்த சீசன் முடியும்வரை எட்டு மணிக்கு வேலியைத் திறக்கும்போதெல்லாம், பாதையில் போகிற எவனாவது, "என்ன, இன்னைக்கு வட்டம் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போவான். முதல் இரண்டு நாள் செத்துவிடலாம்போல இருந்தது. மூன்றாம் நாள், இல்லை என்று பதில் சொன்னேன். முன்பின் தெரியாத ஆளுக்கு நானாகச் சொன்ன முதல் பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை புதுக் கல்லில் முதல் ஆளாக நான்தான் உட்கார வேண்டும் என்று அண்ணாச்சி வந்து நின்றார். வயிற்றைப் பற்றியே ஐம்பது பேரிடம் சொல்லியாகிவிட்டது. முதுகில் மறைக்க என்ன இருக்கிறது? துண்டைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவர் எண்ணெயை உச்சந்தலையிலிருந்து ஊற்றி, முதுகில் தாளம் போட ஆரம்பித்தார். அதில் சொக்கிப்போய், கோயில் மணி அடித்த பிறகுதான் எட்டாகிவிட்டது என்று உறைத்தது. அப்படியே எழுந்து, அத்தனை கூட்டத்துக்கும் நடுவில், துண்டோடு, எண்ணெய் சொட்டச் சொட்ட மழைமானிக்கு ஓடினேன். அளவுக் கண்ணாடி இரண்டு தரம் கையிலிருந்து வழுக்கியது. முப்பத்திரண்டு சென்ட். ஆபீஸ் நோட்டைத் தொடப் பயந்து, என் சொந்த நோட்டில் எழுதிவிட்டு, திரும்பிப் போய் ஆற்றில் எண்ணெயைக் கழுவிவிட்டு அருவியில் நின்றேன். தலையில் யாரோ ஓயாமல் குட்டுவதுபோல இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த ஒரு தாள் மட்டும் எண்ணெய் ஊறி, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. முன்பக்கத்தில் போட்டிருந்த வட்டம் ஒன்று பின்பக்கத்தில், சரியாக அந்தச் சனிக்கிழமைக்கு மேலே வந்து நிற்கிறது. என்றைக்காவது யாராவது அந்த நோட்டை வைத்து ஆராய்ச்சி செய்தால், எண்ணெய் தேய்த்த அன்று எனக்கு வயிறு கெட்டதாக முடிவு கட்டிவிடுவார்கள். அண்ணாச்சியின் கல் மறுபடியும் அரை மைல் தள்ளிப் போய்விடும். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். அந்த வட்டம் முந்தின பக்கத்தது.